வெள்ளைத் துணியில் ஒட்டாத சிவப்பு

அரைத்து வைத்த மருதாணியின் வாடை இரண்டு நாளானாலும் கையை விட்டுப் போகாது. சோற்றைப் பிசைந்தாலும் முகத்தைக் கழுவினாலும் அந்தப் பச்சை வாடைதான் முதலில் வந்து நிற்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனை மரத்தில் பறித்த இலையை அரைத்து, அம்மா என் உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல் நுனிகளில் 'தொப்பி'யும் வைத்துவிட்ட அந்த ஆடி மாதத்தில் நான் நான்காம் வகுப்பு.

எதையும் வகை பிரித்து வைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. அநியாயத்துக்கான சொற்களையும் பிரித்து வைத்திருந்தேன். நொண்டி விளையாட்டில் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சாதிப்பது 'அழுகுணி ஆட்டம்'; தம்பிக்கு மட்டும் தோசை முறுகலாக வருவது 'ஓரவஞ்சனை'; தக்காளி விலையைக் கேட்டுவிட்டு அம்மா சொல்வது 'அநியாயம்'; தறியில் உட்கார்ந்ததும் மின்சாரம் போனால் அப்பா சொல்வது 'அக்கிரமம்'. இவற்றில் அடங்காத ஒன்று எனக்கே நடக்கும் என்று நினைக்கவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நெய்த காலம் அது. விடியற்காலையில் தெரு நெடுகப் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏறும் நீள இழைகளை, இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிபோடுவார்கள். பாவுக்கு அடியில் குனிந்து ஓடி, இழை எங்கே அறுந்து தொங்குகிறது என்று காட்டுவது என் வேலை. கண் கூர்மை என்று சொல்லிப் பெரியப்பாவே கொடுத்த வேலை என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை.

அன்று சந்தன நிறப் பாவின் நுனியில், கஞ்சி ஈரத்தில், நான்கு விரல்களின் சிவப்புத் தடம் தெரிந்தது. பெரியப்பா தடத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"இவ்ளோ செவப்பக் கையில வெச்சிக்கினு பாவைத் தொட்டிருக்குது. இனிமே இது பாவுகிட்ட வரக்கூடாது."

"நான் தொடல பெரியப்பா."

"பின்ன யாரு, புள்ளையாரா வந்து தொட்டாரு?"

முடிபோட வந்திருந்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்டார்கள். அப்பா குனிந்து இழையை முடிபோட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா எதிரில் குரல் உயர்த்தியே அறியாத அம்மாதான் வாசலுக்கு வந்தாள்.

"அபாண்டம் மாமா இது. செய்யாத புள்ள மேல பழி போடாதீங்க."

'அபாண்டம்' என்ற சொல்லை அப்போதுதான் முதலில் கேட்டேன். எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பாதி ஆறுதலாக இருந்தது.

அம்மா ஒரு வெள்ளைத் துணியைக் கஞ்சியில் நனைத்து என் உள்ளங்கையைத் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"இப்படியா தேய்ப்பாங்க, குடுமா இங்க" என்று பெரியப்பா அதைப் பிடுங்கி, என் கை எரியும்வரை தேய்த்தார். என் கை பட்ட இடம் அப்படியே இருக்க, அவர் பிடித்திருந்த இடம் சிவந்துகொண்டே வந்தது. இருட்டோடு எழுந்து, கொல்லையில் காய்ந்த, அரக்குச் சிவப்புச் சாயம் தோய்த்த பட்டு நூலை அவர் திருப்பிப் போட்டுவிட்டு வந்திருந்தார். உலர்ந்த கையில் தெரியாமல் இருந்த சாயம், ஈரம் பட்டதும் வெளியே வந்துவிட்டது.

எதிர்வீட்டு அக்கா அப்பாவிடம் கேட்டாள்: "ஏம்பா, உங்க அண்ணன் எப்ப மருதாணி வெச்சிக்கினாரு?"

தெரு சிரித்தது. பெரியப்பா என்னிடம், "போமா, போயி இழையப் பாரு" என்றார். அம்மா என்னை விடவில்லை.

"தெருவுல போட்ட பழி மாமா. தெருவுலயே எடுத்துடுங்க."

பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி, "புள்ள மேல தப்பு இல்லபா. என் கைதான்" என்றார். நான் பாவுக்கு அடியில் புகுந்து ஓடினேன். நல்லவேளையாக, கறை பட்ட நுனி நெய்யாமல் விடும் பகுதிக்குள் போய்விட்டது.

இன்று ஒரு பரிசோதனைக் கூடத்தில், சாயம் போட்ட துணியை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. தேய்ப்பதற்கு இயந்திரம் இருக்கிறது. தெருமுனை மருதாணி மரம் இல்லை, அந்த இடத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. பெரியப்பா மட்டும், நான் ஊருக்குப் போகும் நாட்களில், தறியில் உட்காரும் முன் இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டுகிறார்.

"பாத்துச் சொல்லுமா, உட்காரலாமா?"

நானும் அவசரப்படாமல், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.