ஓட்டல் பலகையின் கடைசி வரி

ஐயம்பேட்டை போகும் சாலையில் இருக்கிற ஓட்டல் பலகையை இன்று காலை இறக்கினார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்கள். அறுபதுகளின் கடைசியில் அதை எழுதியவர் என் அப்பா.

அப்போது எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த ஓட்டலின் பின்வாசலில், தனிக் கிளாஸில்தான் டீ. முதலாளி எழுதச் சொன்னது ஓட்டல் பெயரும் "காபி, டிபன் தயார்" என்பதும் மட்டுமே. அப்பா யாரையும் கேட்காமல் அதன் கீழே "எல்லோரும் உள்ளே வரலாம்" என்று எழுதிவிட்டார்.

"இத யாருபா எழுதச் சொன்னது?" என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

"யாரும் சொல்லல. நானாத்தான் எழுதினேன். வேணாம்னா நீங்களே அழிச்சிடுங்க."

முதலாளி பேசின கூலியைக் கொடுத்து அனுப்பினாராம். அழிக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். முதலாளி அவர்களைத் தடுக்கவில்லை. அப்பாவுக்குத் தானே இலை போட்டார். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன் என்று அப்பா சொல்வார்.

இன்று முதலாளியின் மகன், கூடியிருந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தக் காலத்துலயே எங்கப்பா எப்படி எழுத வச்சிக்கிறாரு பாருங்கபா!"

நான் கிட்டே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எனக்குத் தெரியாதும்மா. எங்கப்பா சொன்னதே இல்ல. உங்கப்பா பேரு என்னா?"

சொன்னேன். புதுப் பலகையின் மூலையில் அந்தப் பெயரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். போடாவிட்டால் நானே ஏணியோடு போவதாக இருக்கிறேன். ஏணி பிடிக்க யார் யார் வருகிறீர்கள்?