கையுறை வந்த வழி

விராலிமலைக்குப் பக்கத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும்தான். ஸ்டோருக்கு வேண்டிய பொருளைக் கேட்டு வாங்க, எங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் மட்டும் ஓடும் ஒரு மென்பொருளை எழுதியிருந்தேன். கம்பெனியின் மொத்தச் சரக்குக் கணக்கோ தலைமை அலுவலகத்தில், என்னைவிட மூத்த ஒரு மெயின்பிரேம் கம்ப்யூட்டரில் இருந்தது. என் மென்பொருள் பேசுவது அதற்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு கேட்வே வாங்கினார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் மேலாளர் முகம் சுருங்கியது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது.

"இம்புட்டுத்தானா? இதைக் காட்டவா டைரக்டரைக் கூப்பிட்டிருக்கோம்?"

எனக்கு ஏசி கேட்டபோது பட்ஜெட் இல்லை என்றவர், அதற்குக் கண்ணாடி அறை கட்டி ஏசி போட்டார். அன்றிலிருந்து ஸ்டோர் அக்காவும் நானும் அங்கேதான் மதியச் சோறு சாப்பிட்டோம்.

"மொதல்ல மாதிரிக் கணக்குல ஓட்டிப் பாத்துருவோம் சார்," என்றேன்.

"நாள் குறிச்சாச்சுங்க. டைரக்டர்ட்ட போயி மாதிரியக் காட்டச் சொல்றீங்களா?"

திறப்பு விழாவுக்காக ஸ்டோர் அக்கா ஒரு மாதத்துக்கான கையுறையைக் கேட்டுத் திரையில் பதிந்து வைத்திருந்தார். தேங்காய் உடைத்தார்கள். டைரக்டர் பட்டனை அமுக்கினார். 'காத்திருக்கவும்' என்றது திரை. காத்திருந்து பழக்கமில்லாதவர், மறுபடி அமுக்கினார்.

"ஒரு தடவை போதும் சார், பதில் வர நேரமாகும்," என்றேன்.

மேலாளர் என்னை முறைத்துவிட்டு, "நல்லா அழுத்தி அமுக்குங்க சார்," என்றார்.

அவர் அழுத்தி அமுக்கினார். திரும்பத் திரும்ப அமுக்கினார். கேட்வே அத்தனையையும் ஒழுங்காக வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பியது. 'ஏற்கப்பட்டது' என்று பதில்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள்.

அமுக்கிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மாதக் கையுறை பதிவாகியிருந்ததால், மாலையில் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ரத்து செய்ய டைரக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மேலாளர் நாற்காலியிலேயே நெளிந்தார்.

"அவரு அமுக்குனது தப்புன்னு அவர்ட்டயே கையெழுத்துக் கேக்கவா? எனக்கும் புள்ளகுட்டி இருக்குங்க."

லாரிகள் வந்தன. ஸ்டோர் நிறைந்து, கண்ணாடி அறைக்குள்ளும் மூட்டைகளை அடுக்கியதில் எங்கள் சாப்பாட்டு இடம் போனது. விசாரித்த தலைமை அலுவலகம், உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று கண்டுபிடித்தது. என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சொல்லிக்கொடுத்தவர் முதல் நாள் முழுக்க மவுஸ் பிடிப்பது எப்படி என்று விளக்கினார். எரிச்சலை அடக்கிக்கொண்டு பிடித்துக் காட்டினேன்.

திரும்பி வந்து, ஒரு தடவை அமுக்கியதும் பட்டன் செயலிழந்துபோகும்படி மாற்றினேன். மேலாளர் யோசித்தார்.

"டைரக்டர் வந்தா அவருக்கு மட்டும் தெறந்து வைக்கலாமுல்ல?"

"முடியாது சார்," என்றேன். முடியும்தான்.

மூட்டைகள் மெல்ல வெளியேறின. யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது ஆவூர்ப் பக்கம் மிளகாய் பறிக்கிறவர்கள்கூட எங்கள் கம்பெனி முத்திரை போட்ட வெள்ளைக் கையுறையோடுதான் பறிக்கிறார்கள்.