பூஜையில் வைத்த கார்பைன்

கிரீன் கார்டு வந்தால் முதலில் என்ன செய்வோம் என்று நானும் என் கணவரும் வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறோம். ஊருக்குப் போய் நிம்மதியாக ஒரு மாதம் இருப்போம், விசா ஸ்டாம்பிங் பயம் இல்லாமல் சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போய்விட்டு வருவோம் என்றெல்லாம். கார்டு வந்தது. அவர் முதலில் வாங்கியது ஒரு துப்பாக்கி. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் கேட்டால் கரண்ட் போனதைச் சொல்வார். டல்லாஸுக்கு வடக்கே, ஆலனில் எங்கள் வீடு. ஒரு குளிர்காலத்தில் ஐஸ் கொட்டி, கரண்ட் போய், குழாயில் தண்ணீர் உறைந்து, நாங்கள் இரண்டு பேரும் மகளும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரே போர்வைக்குள் கிடந்தோம். அந்த நாட்களில் எங்கள் கதவைத் தட்டியது ஒரே ஒரு ஆள். எதிர்வீட்டு அமெரிக்கப் பெரியவர். கை கொள்ளாமல் விறகு வைத்திருந்தார். இதிலிருந்து ஒரு மனிதர் கற்றுக்கொள்ள வேண்டியது, வீட்டில் கொஞ்சம் விறகு வாங்கி வைக்க வேண்டும் என்பதுதானே? என் கணவர் கற்றுக்கொண்டது, அடுத்த முறை கதவைத் தட்டுகிறவன் விறகோடு வரமாட்டான் என்பதை.

முதலில் கராஜில் தண்ணீர் கேன்கள் ஏறின. பிறகு பொன்னி அரிசி மூட்டை, துவரம்பருப்பு, பேட்டரி, கேஸ் அடுப்பு. அதற்கெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. அரிசி எப்படியும் தின்று தீரும். கடைசியில், கிரீன் கார்டு கைக்கு வந்ததும்தான் துப்பாக்கிப் பேச்சு வந்தது; அது இல்லாதவருக்கு இங்கே லேசில் துப்பாக்கி விற்கமாட்டார்கள்.

இவர் எதையும் சும்மா வாங்கமாட்டார். மிக்ஸி வாங்குவதற்கே வாரக்கணக்கில் வீடியோ பார்த்து, எங்கள் ஏரியா தமிழ் ஆண்களின் வாட்ஸாப் குரூப்பில் கருத்துக் கேட்டு, என் உயிரை வாங்கியவர். துப்பாக்கிக்கும் அதே பாடுதான். பிஸ்டல் வேண்டாம், பழக்கம் இல்லாத கைக்குக் குறி தவறும். பெரிய ரைஃபிள் வேண்டாம், சத்தமும் உதையும் அதிகம். இரண்டுக்கும் நடுவில் கார்பைன் என்று ஒன்று இருக்கிறது. பார்க்க ரைஃபிள் மாதிரி தோளில் வைத்துச் சுடலாம், ஆனால் பிஸ்டலுக்குப் போடுகிற சின்னத் தோட்டாவே போதும், அது எல்லாக் கடையிலும் கிடைக்கும். காபி குடித்துக்கொண்டே இதையெல்லாம் எனக்கு விளக்கினார்.

"உனக்கும் ஈஸி. கிக் ரொம்பக் கம்மி" என்றார், கிரைண்டர் விற்க வந்தவர் மாதிரி.

"ஏனுங்க, நான் எதுக்குச் சுடோணும்?"

"நான் ஆபீஸ் ட்ரிப்ல போயிருந்தா?"

"நீங்க ட்ரிப்ல போயிருந்தா நான் கதவைப் பூட்டிக்குவேன். இத்தனை நாளும் அதுதானே பண்ணேன்?"

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறவள். எது எங்கே உடையும், யார் கை பட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் மட்டும் அதையே கேட்டால் எனக்குப் பயம் என்று பெயர்.

ஒரு சனிக்கிழமை, மகளை நீச்சல் கிளாஸில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மரியாதையாகப் பேசினார். கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு துணியை விரித்துக் கார்பைனை வைத்தார். என் கணவர் அதைத் தோளில் வைத்துப் பார்த்த விதம் இருக்கிறதே, கல்யாண ஆல்பத்தில்கூட அவர் முகத்தில் அவ்வளவு பூரிப்பை நான் பார்த்ததில்லை.

பிறகு தோட்டா. பழகுவதற்கு ஒரு வகை, விலை குறைவு. வீட்டில் வைத்துக்கொள்ள வேறு வகை, முனையில் குழி இருக்கும், எதிலாவது பட்டால் விரிந்துகொள்ளும். ஏன் வேறு வகை என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பெட்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

"என் மகளோட ரூம்" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார் என் கணவர். எங்கள் கராஜில் இரண்டு கார் நிற்கும் என்று சொல்கிற அதே குரல்.

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். இங்கே வீட்டுச் சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த அட்டைதான். எந்தத் தோட்டாவும் அதைத் தாண்டும். கார்பைனின் குழாய் நீளம் என்பதால் அதே தோட்டா பிஸ்டலில் போவதைவிட வேகமாகப் போகும். குழி வைத்த தோட்டா கொஞ்சம் அடங்கும், ஆனால் அதற்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இதைக் கேட்டதும் இவர் கார்பைனை வைத்துவிட்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுக் கிளம்புவார் என்றுதான் நான் நினைத்தேன். பெற்ற அப்பா வேறு என்ன செய்வார்? இவர் குழி வைத்ததையே கொடுங்கள் என்றார்.

"இவ்வளவு கேட்டதுக்கு அப்புறமும் வாங்கறீங்களா?" என்றேன், தமிழில்.

"அதான் சேஃபான புல்லட்டா வாங்கறோம்ல?"

சேஃபான புல்லட். காரில் வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஃப்ரீவே என்றுகூடப் பார்க்காமல் காரை நிறுத்தச் சொல்லி இறங்கியிருப்பேன்.

அன்று சாப்பாட்டு மேஜையில் இவருடைய நண்பர் ஒருவர் போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, சுவர், அட்டை, மகள் ரூம், எந்தத் தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்று கடைக்காரர் சொன்னதையும், தான் வாங்கிய சேஃபான புல்லட்டையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். எதிரில் மகள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கண்ணைக் காட்டினேன். இவர் கையை அசைத்து, "அவளுக்கு எங்க புரியப் போகுது" என்றார். இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான் இது. பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறது, அதனால் தமிழ் காதில் ஏறுவதில்லை என்று ஒரு நினைப்பு. பிள்ளைக்குத் தெரியக் கூடாததையெல்லாம் பிள்ளைக்கு எதிரிலேயே தமிழில் பேசுவார்கள்.

அந்த வாரம் மகள் தன் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டும் என்றாள். அங்கே வெயில் அடிக்கும், ஏசி காற்றும் வராது என்று சத்தம் போட்டேன். ஐ லைக் த விண்டோ என்றாள். இவரே ஒரு பக்கம் பிடித்து நகர்த்திக் கொடுத்தார்.

கார்பைன் இரும்பு சேஃபுக்குள் போயிற்று. சாவி இவரிடம். எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆனால் கண்ணில் படாததால் நாள் ஓடியது. அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

இவருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். இவருடைய அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்த ஊரில் தீபாவளியைவிட இதுதான் பெரிது. இங்கேயும் விட்டுவிடவில்லை. வருஷாவருஷம் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் லேப்டாப்புகள், கார் சாவிகள், ட்ரில், என் மிக்ஸி, மகளின் புத்தகப் பை எல்லாம் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு, பொரிகடலை படைப்போம். தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மாலையில் வரும்.

நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கரண்டியோடு வெளியே வந்தால், நடு ஹாலில் சிவப்பு ரவிக்கைத் துணிமேல் கார்பைன் படுத்திருக்கிறது. நீள நெடுகச் சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். குழாய் வாயில் ஒரு செவ்வந்திப் பூ. தோட்டா போடும் டப்பாவுக்குத் தனியாக ஒரு பொட்டு.

"எங்கப்பா லேத்துக்கே பொட்டு வைப்பாரு. ஆயுதம்னு பேரு வச்ச பூஜைல ஆயுதத்தை வைக்காம வேற எதை வைக்கறது? எம்ப்ட்டிதான், பயப்படாத" என்றார்.

பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புகள் விழ ஆரம்பித்துவிட்டன. ஆண்கள் நேராக அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எந்த பிராண்ட், எந்த ஷூட்டிங் ரேஞ்சில் ப்ராக்டிஸ் பண்ணுகிறீர்கள் என்று ஒரே விசாரிப்பு. ஒருவர் போட்டோ எடுத்தார். யாராவது ஒரு ஆளாவது இது இங்கே எதற்கு என்று கேட்பார் என்று பார்த்தேன். சரஸ்வதி படத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆரத்தி எடுக்கலாம் என்றபோது மகளைக் காணோம். கூப்பிட்டேன், பதில் இல்லை. வந்தவர்களில் ஒரு பெண், தன் மூன்று வயதுக் குழந்தையையும் காணோம் என்றாள். பாத்ரூம், கராஜ், பின்பக்கம் எல்லாம் பார்த்தோம். நான் மாடிக்கு ஓடினேன். மகளின் ரூமில் விளக்கு அணைந்திருந்தது, திரை இழுத்து மூடியிருந்தது. துணி வைக்கும் க்ளாஸெட்டின் கதவைத் திறந்தேன். தொங்கும் துணிகளுக்குப் பின்னால், மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் குழந்தை. அதன் வாயைத் தன் கையால் மெதுவாகப் பொத்தியிருந்தாள்.

"ஷ்ஷ்" என்றாள் என்னிடம்.

துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் எப்படி ஒளிவது என்று பழக, ஸ்கூலில் லாக்டவுன் டிரில் வைப்பார்கள். துப்பாக்கியைப் பார்த்தால் கிட்டே போகாதே, சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொள், விளக்கை அணை, பேசாதே. சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாள். பட்டுப் பாவாடையோடு, தன் சொந்த வீட்டில்.

அது காலித் துப்பாக்கி, அப்பாதான் வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாட் தட் வால், அம்மா" என்றாள்.

எங்கள் பெட்ரூம் பக்கத்துச் சுவர் அது. கட்டில் ஏன் ஜன்னலுக்குப் போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கீழே வந்து, இரண்டு பேரும் க்ளாஸெட்டில் ஒளிந்திருந்ததைச் சொல்லி, குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்தேன். எல்லோர் எதிரிலும் இவரிடம், "இதை எடுங்க" என்றேன்.

"பூஜைல வச்சதை இப்ப எப்படி எடுக்கறது? நாளைக்குக் காலைலதான் எடுக்கோணும்."

வந்திருந்த அங்கிள் ஒருவரும் சேர்ந்துகொண்டார். "ஆமாம்மா. விஜயதசமி அன்னிக்கு எடுத்து, ஒரு தடவை யூஸ் பண்ணணும். அதுதான் முறை."

"யூஸ் பண்ணணுமா? யார் மேல அங்கிள்?"

முறை எனக்கும் தெரியும். மஞ்சள் பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்திவிட்டால் பூஜை முடிந்தது என்று கணக்கு. அதைத் தொட எனக்கு மனசில்லை. ரவிக்கைத் துணியின் முனையைப் பிடித்து, டிவி இருக்கும் வடக்குப் பக்கமாக ஒரு விரற்கடை இழுத்தேன். செவ்வந்தி உதிர்ந்தது.

"பூஜை முடிஞ்சுது. எடுங்க."

எடுத்தார். வந்தவர்கள் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

அது இந்த வீட்டில் இருந்தால் நானும் மகளும் இருக்க மாட்டோம் என்று சொன்னேன். சொன்னதைச் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். இடுக்கில் காய்ந்துபோன சந்தனத்தோடு கார்பைன் கடைக்கே திரும்பிப் போயிற்று. தோட்டாக்களும் போயின. ஆனால் வாட்ஸாப் குரூப்பில் இவர் போட்ட மெசேஜ் என்ன தெரியுமா? "வொய்ஃப் பயந்துட்டா ப்ரோ." சிரிக்கும் பொம்மைகளாக வரிசையாகப் பதில் வந்ததை இவரே எனக்குக் காட்டினார். மகள் க்ளாஸெட்டில் இருந்தது ஒருவருக்கும் நினைவில் இல்லை.

மகளைக் கூட்டிப்போய்க் காலி சேஃபைத் திறந்து காட்டினேன். தலையை ஆட்டினாள். அடுத்த நாள் இவர் உற்சாகமாக அவள் ரூமுக்குப் போய், குளிர்காலம் வருகிறது, ஜன்னல் ஓரம் குளிரும், கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிடலாம் என்று ஒரு பக்கத்தைத் தூக்கினார். ஒரு கேள்விக்கும் எங்களுக்குத் தமிழில் பதில் சொல்லாத பெண், கட்டிலின் மறுபக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. சேஃபான புல்லட்டும் செவுத்தைத் தாண்டும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

இவர் கட்டிலைக் கீழே வைத்தார். அது இன்னும் ஜன்னல் ஓரமாகத்தான் இருக்கிறது.