குலுக்கிப் பார்த்த மேண்டலின்

கையில் வாங்கியதுமே அதைக் குலுக்கிப் பார்க்கத் தோன்றியது. மூன்று மாதம் தேடி, செஞ்சி பக்கத்து அனந்தபுரத்தில் கிடைத்த பழைய ஆக்டேவ் மேண்டலின் அது, ஃபேக்டரி சரக்கு. சாதாரண மேண்டலினைவிடப் பெரிசு, குரலும் கனம். காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே கடகடவென்றது.

"இன்னா தம்பி, மல்லாட்டையா அது?" என்றார் விற்பவர்.

பழக்கதோஷம். செஞ்சி பஜாரில் என் நைனாவுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை. ஈரச்சாக்கு வாசனைக்கு நடுவே நின்று, ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு காயை எடுத்துக் குலுக்குவார். பருப்பு உருண்டால், "நல்லா காஞ்சிருக்குது, எறக்கு" என்பார். நான் நாலாவது படிக்கும்போது ரேடியோ வாங்கப் போனவர் அதையும் குலுக்கினார். கடகடத்தது. திருப்தியாகத் தூக்கிவந்தார். அது ஒருநாளும் பாடவில்லை.

"குடுங்க, உரிச்சு வறுத்துத் தரேன்" என்றாள் அம்மா.

நான் டார்ச் அடித்து மேண்டலின் துளைக்குள் பார்த்தேன். முகப்புப் பலகையைத் தாங்கும் கட்டை ஒன்று கழன்று கிடந்தது. மற்றபடி பலகை முழு மரம், ப்ளைவுட் இல்லை; கழுத்தும் வளையவில்லை.

"பாதி விலைக்குத் தாங்கண்ணா."

"குலுக்காம வாங்கறவன் வருவான்னு இருந்தேன்" என்று சலித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுக் கம்பிகளையும் தளர்த்திவிட்டுப் பசையோடு உட்காரப் போகிறேன். முதலில் துளைக்குள் என் கை நுழைகிறதா பார்க்கவேண்டும். அதைவிட, திரும்பி வருகிறதா என்று.