வலது மூலையில் ஒரு பெயர்

செல்லூரில் ஜனகராஜ் அண்ணனின் அச்சுக்கடையில் கல்யாணப் பத்திரிகை மடித்து உறை ஒட்டுவது என் வேலை. ஏழாம் வகுப்போடு நின்றவள், அதிகம் பேச மாட்டேன். என் பலகைக்கு நேர் எதிரே ரங்கநாயகி அக்காவின் மேசை. பதினோரு வருடம் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே பசை தடவியிருக்கிறேன்.

அக்கா சௌராஷ்டிர வீட்டுப் பெண். சுங்குடிச் சேலையில் முடிச்சு விழ வேண்டிய இடங்களில் புள்ளி வைத்துப் பழகிய கை. கடைக்கு வந்த புதிதில் பத்திரிகைக்குப் பிள்ளையாரும் வாழை மரமும் வரைந்தார். துணி பேனருக்கு எழுத்து எழுதினார். தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு மாதம் மவுசைப் பிடிக்கத் தெரியாமல் திணறினார். பிறகு தன் சுங்குடிப் புள்ளிகளையே அதில் கொண்டுவந்து பத்திரிகைக்கு ஓரம் அமைத்தார். அந்தப் புள்ளி ஓரத்துக்காகவே காளவாசலிலிருந்துகூட ஆட்கள் தேடி வந்தார்கள்.

எல்லாவற்றின் கீழும் ஜனகராஜ் ஆர்ட்ஸ் என்று மட்டுமே இருக்கும். அக்காவுக்குத் தன் பெயர் ஒரு மூலையில் வர வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பார். அண்ணனும் சௌராஷ்டிரர்தான்; இருவரும் தங்கள் வீட்டு பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கு அது புரியாது. ஆனாலும் கேட்டுவிட்டுத் திரும்பும் அக்காவின் முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

இரண்டாயிரத்து நாலில் காளவாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்காரர் அக்காவை வேலைக்குக் கூப்பிட்டார். அதன் பிறகுதான் ஜனகராஜ் அண்ணன் இறங்கி வந்தார். அடுத்து வரும் பேனரில் வலது மூலையில் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றார். அக்கா காளவாசலுக்குப் போகவில்லை.

அடுத்து வந்தது அலங்காநல்லூர்ப் பக்கத்து அழகுராஜா வீட்டுக் காதுகுத்து. பேனரின் மேல் வரிசையில் போட வேண்டிய பெரியவர்களின் படம் ஐந்தும், பெயர் எழுதிய தாளும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வரிசையில் உயிரோடு இருப்பவர்களும் வருவார்கள், இறந்தவர்களும் வருவார்கள். இறந்தவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போட வேண்டும். நல்ல காரியத்துக்கு வந்தவரிடம் இவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க முடியாது. அதனால் கடையில் ஒரு வழி வைத்திருந்தோம். இறந்தவர் படம் சாமி கும்பிடுகிற சுவரிலிருந்து கழற்றி வரும், நெற்றியில் குங்குமம் அப்பியிருக்கும். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

ஐந்து படத்திலும் பொட்டு இருந்தது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். நான்கில் சிவப்பு விரலோடு வந்தது. நல்லகாமன் என்ற பெயருள்ள படத்தில் வரவில்லை.

“இவரு பொட்டு வச்சுக்கிட்டுப் போயி போட்டோ எடுத்திருக்காரு, செல்லத்தாயி. ஆளு இருக்காரு,” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான்கு பேருக்கு மட்டும் தெய்வத்திரு போட்டார். கடைசியாக வலது மூலையில் ‘வடிவமைப்பு: ரங்கநாயகி’ என்று அடித்தார். அதன் அளவை மூன்று முறை குறைத்தார். பிறகு ஒரு முறை கூட்டினார். வீட்டுக்குக் கிளம்பும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, ராத்திரியே பேனரை அச்சுக்குக் கொடுக்க ஜனகராஜ் அண்ணன் சிடி அடிக்க உட்கார்ந்தார். திரையில் ஐந்து நெற்றியிலும் பொட்டு தெரிந்தது. “ஒருத்தருக்கு மறந்துட்டா பாரு,” என்று சொல்லிக்கொண்டே நல்லகாமனுக்கும் தெய்வத்திரு சேர்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சிடியை உறையில் போட்டுவிட்டார். நாளைக்கு அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறுநாள் கடை விடுமுறை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அன்றுதான் காதுகுத்து.

அதற்கு அடுத்த நாள் காலையில் பத்துப் பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் நல்லகாமன். பிள்ளைக்குத் தாய்மாமன். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். பேனரைப் பார்த்த பெண்கள் அபசகுனம் என்று சொல்லி, பிள்ளையை ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துவிட்டார்களாம். அழகுராஜா சத்தம் போட்டார். நல்லகாமன் போடவில்லை.

“எம்புட்டு வருசமா செத்துக் கெடக்கேன்னும் போட்டிருக்கலாம்ல,” என்றார். “சீர் கொண்டுபோயி பந்தலுக்கு வெளிய நின்னுட்டு வந்தேன்.”

ஜனகராஜ் அண்ணன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். எப்போதும் அவர்கள் பாஷையில் பேசுகிறவர் அன்று தமிழில் பேசினார்.

“கீழ பேரு போட்டிருக்குல்ல, படிங்கண்ணே. பண்ணுனது இந்தம்மாதான்.”

அவர்கள் சுருட்டிக் கொண்டுவந்திருந்த பேனரை அக்கா விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பசைக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

அக்கா நல்லகாமனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் போன பிறகு ஜனகராஜ் அண்ணன் தங்கள் பாஷையில் நான்கைந்து வார்த்தை சொன்னார். அக்கா தன் தூரிகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

காளவாசலுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். உயிரோடிருந்தவரைச் சாகடித்தது நீங்கள்தானா என்று அங்கே சிரித்தார்களாம். எங்கள் கடையில் அவருடைய புள்ளி ஓரம் இன்றும் ஓடுகிறது. வலது மூலையில் இப்போது ஜனகராஜ் அண்ணனின் செல் நம்பர்.

எட்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். கூலிக்குச் சுங்குடியில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையைச் சேர்த்தது ஜனகராஜ் அண்ணன், நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன்.

அக்கா தலை நிமிரவில்லை. “தெரியும். நாலு பேருக்கு நான் போட்டது ஒரு மாதிரி எழுத்து. அஞ்சாவது வேற மாதிரி எழுத்து. பாத்த ஒடனே தெரிஞ்சது.”

“அப்ப ஏங்க்கா சொல்லல?”

“எழுத்து மாறியிருக்குன்னு சொன்னா அவுகளுக்கு என்ன புரியும்? நீ சொல்லுவேன்னு பாத்தேன்.”

துணியை ஒரு சாண் இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் புள்ளி வைக்க ஆரம்பித்தார்.