இரண்டாம் களை

"இந்தக் கடலை மட்டும் நல்லபடியா வீடு வந்து சேரட்டும், நான் மும்பைக்குப் போகல" என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கல்யாணமான முதல் வருஷம். ராதாபுரம் பக்கம் செம்மண் காட்டில் ஒரு ஏக்கர் நிலக்கடலை விதைத்திருந்தோம். அவர் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட இருக்க எனக்கு மனசில்லை.

நான் ஏரல்காரி. ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். களையெடுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு வேறு. முதல் களையைச் சேர்ந்தே எடுத்தோம். இரண்டாம் களைக்கு அவர் ஆள் கூப்பிடக் கிளம்பியபோது, "ஆள் எதுக்கு? கொடை பாத்துட்டு வந்து நானே எடுக்கேன்" என்று தடுத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போனேன். கொடை என்றால் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா, மூன்று நாள். நான் இருந்தது பதினெட்டு நாள். அதற்குள் நல்ல மழை.

திரும்பி வந்தால் அவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். காட்டில் கடலையைக் காணோம், சாரணையும் கோரையும்தான் தெரிகின்றன. வெட்கமாகிவிட்டது. அவரிடம் சொல்லாமலே களைக்கொத்தோடு இறங்கினேன். நெல்லில் களையைப் பிந்தி எடுத்தாலும் பயிர் கோபித்துக்கொள்ளாது. ஆறு நாளில் முக்கால் காட்டைத் துடைத்து வைத்தேன். பெருமை தாங்கவில்லை.

ஏழாம் நாள் அவர் பைய நடந்து வந்தார். பிடுங்கிப்போட்ட களைக்குள் கையை விட்டு ஒரு வெள்ளை நூலை எடுத்தார். கடலைச் செடி பூத்த பிறகு மண்ணுக்குள் விடுகிற விழுது அது. அதன் நுனியில்தான் காய் பிடிக்கும்.

"விழுது இறங்கின பெறவு மண்ணைக் கிளறக்கூடாதுட்டி" என்றார். அவ்வளவுதான்.

கடலை பறித்தபோது, களையோடு விட்ட மூலையில் செடிக்கு நாலு காய் இருந்தது. நான் சுத்தம் பண்ணிய இடத்தில் பாதிச் செடியில் ஒன்றுமே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் "மழை ஏமாத்திட்டு" என்றார், என் அப்பாவிடமும் அப்படியே. தை பிறந்ததும் ரயிலேறினார். ஒன்பது வருஷம்.

இப்போது வந்துவிட்டார், மறுபடி கடலை போட்டிருக்கிறோம். போன வாரம் ஏரலிலிருந்து கொடைக்குக் கூப்பிட்டார்கள். "போயிட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சிரித்துக்கொண்டே. நான் களைக்கொத்தைத் தேடினேன். அம்மன் கோபிக்க மாட்டாள். அந்த ஒன்பது வருஷம் அவளுக்கும் தெரியும்.