கோடு போட்ட நாட்கள்

காற்றை ஒரு பிடி பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார் பழனியாண்டி மாமா. தேய்த்த விரலை மூக்கருகே கொண்டுபோகிறார். "இன்னிக்கு நல்ல கனம். பாலாடை மாதிரி. பத்து மணி வரைக்கும் அசையாது" என்கிறார்.

தினமும் காலையில் எஸ்டேட் ஆட்களின் லைன் வீட்டு வாசலில் நின்று இதைச் செய்கிறார். எதிரே என்ன இருக்கிறது என்று அந்நேரம் யாருக்கும் தெரியாது. கோழி கூவும், கோழி தெரியாது. இருமல் வரும், ஆள் தெரியாது. ஒருநாள் நான், எங்கள் ஊரில் மிஸ்ட்டு என்கிற அந்தப் பனிமூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு, பழைய மேனேஜர் குரலில் "பழனியாண்டி, லீவு கிடையாது!" என்றேன். "சரிங்க தொரை" என்று கையைக் கட்டிக்கொண்டார். மேனேஜர் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆனது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என்னைத் திட்டவில்லை. "மிஸ்ட்டு குரல நல்லாத் தூக்கிக் குடுக்குதுடா" என்று அதையும் செல்போனில் எழுதிக்கொண்டார்.

குன்னூருக்குக் கீழே, எங்கள் எஸ்டேட் பேக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடி அவர் பொறுப்பில் இருந்தது. ஈரக் காற்றென்றால் கொழுந்து வாட நேரமாகும். அதனால் வெளியே வந்து மிஸ்ட்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் விசிறியைப் போடுவார். தேயிலை விலை படுத்துக்கொண்டது, பேக்டரியைப் பூட்டினார்கள். விரல் மட்டும் வேலையை விடவில்லை.

லைனில் பாதி வீடு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போயிற்று. அவர் மகள் ஜீவாவும் போனாள். "இங்க வெயிலு மண்டையப் பொளக்குதுப்பா. அங்க மிஸ்ட்டு எப்படின்னு தினம் எழுதுங்க" என்று ஒரு வெப்சைட் ஆரம்பித்துக் கொடுத்தாள். மாமா எழுதினார். எங்கள் ஆட்கள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து படித்தார்கள். 'கோயில் தெரியவில்லை, மணிச் சத்தம் மட்டும் வருகிறது' என்று ஒருநாள் எழுதியதற்கு, அறுபது பேர் கீழே கும்பிடும் படம் போட்டார்கள்.

ஆனாலும் அப்பாவும் அம்மாவும் மலையில் தனியாகக் கிடப்பது ஜீவாவுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்துவிட்டு, "வந்துருங்கப்பா" என்றாள். சின்னம்மை அத்தை சேலைகளை மடிக்கத் தொடங்கினாள். மாமாவுக்குச் சண்டை போடத் தெரியாது. "எனக்கு இங்கயே ஒரு வேல இருக்குதே தாயி" என்று மட்டும் போனில் முனகினார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. வெப்சைட்டுக்கு விளம்பரம் கொடுக்கிற கம்பெனி தீபாவளிக்குள் ஒத்துக்கொண்டால் அந்தக் காசில் அவர் மலையிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

விண்ணப்பம் போயிற்று, தள்ளிவிட்டார்கள். இரண்டாவதும் போயிற்று, அதையும் தள்ளினார்கள். 'பல பக்கங்களில் உள்ளடக்கம் இல்லை' என்று பதில் வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அந்த வரி எனக்குப் புரிய ஒரு டீயும் ரெண்டு வர்க்கியும் ஆயிற்று. பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மிஸ்ட்டு இல்லாத நாட்களில் தேதி இருந்தது, அதன் கீழே சாய்வாக ஒரு கோடு, ஓரத்தில் 'ப.ஆ.' என்று மாமாவின் சைன். அவ்வளவுதான். அப்படி எழுபத்துமூன்று பக்கம்.

"கொழுந்து வராத அன்னிக்கு ரிஜிஸ்டர்ல அப்படித்தாண்டா. பக்கத்த சும்மா விட்டா, பின்னால எவனாச்சும் பொய் எழுதிருவான். கோட்டப் போட்டு சைன் வச்சிரணும்."

"அந்தப் பக்கத்த எல்லாம் அழிச்சிருங்க மாமா. கெடச்சிரும்."

"ரிஜிஸ்டர்ல பக்கம் கிழிக்கிறதா? ஏலாது."

கைக்குழந்தையாகச் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். அந்த ஊரிலிருந்து அவரிடம் மிச்சமிருப்பது இந்த 'ஏலாது' ஒன்றுதான். அது வந்துவிட்டால் பேச்சு முடிந்தது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தை முதல்முறையாக அந்தப் பக்கங்களைப் பார்த்தாள். "ஏனுங்க, மிஸ்ட்டு இல்லீன்னா ஒண்ணுமே இல்லீன்னு அர்த்தமா? அன்னிக்குத்தான எல்லாம் தெரியும்? கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?"

"கோடு போட்டதுக்குக் கீழ எழுதணும்னா சாட்சி வேணும். அதான் பேக்டரிச் சட்டம்" என்று மாமா எழுந்தார். எழுபத்துமூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். அன்று என்ன தெரிந்தது என்று கேட்டார்.

டீக்கடை மயில்சாமி, "கிருத்திகை அன்னிக்குத்தானுங்களே? மேட்டுப்பாளையம் ரோட்டுல லாரிக் கண்ணாடி மின்னுச்சுங்க. யாரோ என்னயப் பாத்துக் கண்ணடிச்சாப்ல இருந்துச்சு" என்றார்.

இசக்கியம்மா, "அந்தத் தேதியா? எதுத்த லைன் மெட்டில்டா என் வெறகத் தூக்கிட்டுப் போனது நல்லாத் தெரிஞ்சுது. எழுதிக்கங்க, பேரோட எழுதிக்கங்க" என்றாள். மாமா கொஞ்சம் யோசித்து, 'எதிர் லைன் வரை தெளிவு. சாட்சி: இசக்கியம்மா' என்று எழுதினார்.

ஒரு தேதிக்குப் போனில் ஜீவாவே சாட்சி. "நான் லீவுக்கு வந்துட்டுத் திரும்புன அன்னிக்குப்பா. பஸ்ஸு மூணாவது வளைவு தாண்டுற வரைக்கும் லைன் தெரிஞ்சுது. வாசல்ல வெள்ளையா ஒண்ணு. அது நீங்களா, காயப்போட்ட வேட்டியான்னு தெரியல." மாமா அதை அப்படியே எழுதினார். அது வேட்டியில்லை என்று அவர் சேர்க்கவில்லை. சாட்சி சொல்லாததை எழுதக் கூடாதாம்.

யாருக்கும் ஞாபகம் வராத ஒரே ஒரு தேதி மிஞ்சியது. அன்று பேக்டரிப் புகைபோக்கியின் மேல் இரண்டு மைனா உட்கார்ந்திருந்ததாக நான் சொன்னேன். மாமா என்னை உற்றுப் பார்த்தார்.

"நெசமாடா?"

"சத்தியமா மாமா."

எழுதிக்கொண்டார். நான் சொன்ன உண்மைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்த மைனாக்கள் அதில் உண்டு.

எல்லாப் பக்கமும் நிரம்பியதும் மூன்றாவது விண்ணப்பம் போயிற்று. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஒப்புதல் வந்தது. மறுநாள் காலை வாசலில் நின்று பக்கத்தைத் திறந்தார். அவர் எழுதியதற்குக் கீழே முதல் விளம்பரம் பளிச்சென்று இருந்தது: 'திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் தேவை. தங்குமிடம் உண்டு. உடனே வரவும்.'

எட்டிப் பார்த்த அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உட மாட்டேங்கறாங்க பாருங்க."

மாமா செல்போனை வாய்க்கு நேரே தூக்கி, அந்தக் குளிரில் "ஹா" என்று நீளமாக ஊதினார். கண்ணாடி வெளுத்து, வாட்ச்மேன் வேலை மிஸ்ட்டுக்குள் போயிற்று. ஓரத்தில் கலைந்து எழுத்து தெரிய ஆரம்பித்ததும், இன்னொரு தடவை ஊதினார்.